நெஞ்சகத்து மறைந்த நோய்

தமிழில் மூச்சுக்கு 'உயிர்ப்பு' என்றொரு பெயர் உண்டு. உயிரும் உயிர்ப்பும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். மூச்சு நின்றால் வாழ்வு நின்றது என்று கண்ட முன்னோர், வாழ்வுக்கும் மூச்சுக்கும் தனித்தனி வேர்ச்சொல் தேடவில்லை. அத்தகைய உயிர்ப்பை உள்ளிருந்தே அரிக்கும் நோய்களை மட்டும் நாம் ஏனோ பெரிதாக எண்ணுவதில்லை. காலில் முள் தைத்தால் அன்றே பிடுங்குகிறோம். இருமலோ மாதக் கணக்கில் நம்மோடு குடியிருக்கிறது. "பனிக்காலம்", "வயதாகிவிட்டது", "பீடியை விட்டால் சரியாகும்" என்று அதற்கு நாமே காரணம் கூறி நாமே அமைதி அடைகிறோம்.

மறைந்திருக்கும் நுரையீரல் நோயை மக்களிடையே விழிப்புணர்வு இயக்கம் நடத்திக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் வினா. முடியும் என்பது என் கருத்து. ஆனால் இன்று நாம் விழிப்புணர்வு என்று கூறிக்கொண்டு செய்வனவற்றில் பெரும்பகுதியால் அது முடியாது. இவ்விரண்டையும் சான்றுகளோடு கூற விழைகிறேன்.

காட்டேரிக்குப்பத்திலிருந்து ஒரு பார்வை

புதுவை மாநிலத்தின் வடமேற்கே, வில்லியனூர் வட்டத்தில், மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் காட்டேரிக்குப்பம். கரும்பும் நெல்லும் விளையும் வட்டாரம். புதுவையின் கிராமங்கள் ஒரே நிலப்பரப்பாக அமைந்தவை அல்ல. சில கல் தொலைவு நடந்தால் விழுப்புரம் மாவட்டம். மேலும் சிறிது நடந்தால் மீண்டும் புதுவை. வேலைக்கு ஒரு மாநிலம், வீட்டுக்கு ஒரு மாநிலம் என்று வாழ்வோர் இங்குப் பலர்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை இது வறண்ட நிலமன்று. பிரெஞ்சுக்காரர் 1823-இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய மண் புதுவை. அவ்வழியே வளர்ந்த ஜிப்மர் மருத்துவமனையும், அரசு மார்புநோய் மருத்துவமனையும் கோரிமேட்டில் உள்ளன. காட்டேரிக்குப்பத்தார் பேருந்தேறினால் அன்றே போய்த் திரும்பும் தொலைவுதான். ஆகவே, "மருத்துவமனை இல்லை, அதனால் நோய் தெரியவில்லை" என்ற காரணம் இங்குச் செல்லாது. மருத்துவமனை அருகிருந்தும் நோய் தெரியாமலிருப்பது ஏன் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

எண்கள் கூறும் உண்மை

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு நடந்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதில் முதன்மைப் பங்கேற்றது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆராயப்பட்ட அவ்வாய்வின் இரு முடிவுகள் ஒவ்வொரு ஊர்ப் பெரியவரும் அறிய வேண்டியவை.

முதலாவது: நோய்க்குறி தோன்றியவர்களுள் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரையும் நாடவில்லை. நாடாததற்குக் காரணம் கேட்டபோது, 68 விழுக்காட்டினர் அக்குறிகளைப் பொருட்படுத்தவில்லை என்றனர். 18 விழுக்காட்டினர் அது காசநோயாக இருக்குமென்று உணரவில்லை என்றனர். 12 விழுக்காட்டினர் தாமே மருந்து வாங்கி உண்டனர். பணம் இல்லாமையைக் காரணமாகக் கூறியோர் 2 விழுக்காட்டினர் மட்டுமே. வறுமையே தடை என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். பொருட்படுத்தாமையே அதனினும் பெருந்தடை என்பது இங்குத் தெளிவாகிறது.

இரண்டாவது முடிவு இன்னும் திடுக்கிடச் செய்வது. மார்பு ஊடுகதிர்ப் படம் எடுக்காமல், இருமல் முதலிய குறிகளை மட்டும் கேட்டு விட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளுள் 42.6 விழுக்காட்டினர் தவறிப் போயிருப்பர். அதாவது, நோய் உண்டு. அதை உரைக்கும் குறி இல்லை. அன்னார் நம்மிடையே உழுகின்றனர், கடை நடத்துகின்றனர், பிள்ளைகளைக் கொஞ்சுகின்றனர். தமக்கு நோய் இருப்பதை அவர்களே அறியார்.

2025-க்குள் காசநோயை முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று 2018-இல் நம் நாடு இலக்கு வகுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2015-இல் இலட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய காசநோயாளர் எண்ணிக்கை 2024-இல் 187 ஆகக் குறைந்திருக்கிறது. இது மகிழத்தக்க முன்னேற்றமே; எனினும் இலக்கு எட்டப்படவில்லை. மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென அரசு தரும் தொகையும் 2024 நவம்பர் முதல் திங்களுக்கு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வளவும் இருந்தும் எஞ்சி நிற்கும் பெருங்குறைகளுள் ஒன்று, நோயாளி யார் என்பது உரிய காலத்தில் தெரியாமலிருப்பதே.

அறத்தொடு நிற்றல்

இவ்விடத்தில் தமிழ் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு துறையை நினைவூட்ட விரும்புகிறேன். அக இலக்கியத்தில் தலைவியின் 'நோய்' மறைந்திருப்பது. உடல் மெலிகிறது, வளை நெகிழ்கிறது, நிறம் மாறுகிறது. தாய்க்குக் காரணம் புரிவதில்லை. வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றனர். நோய் ஒன்று, செய்யும் பரிகாரம் வேறொன்று. அப்போது தோழி வாய் திறக்கிறாள். உண்மையைச் செவிலிக்குக் கூறுகிறாள். செவிலி நற்றாய்க்குக் கூறுகிறாள். நற்றாய் வழியே அது தந்தைக்கும் தமையர்க்கும் எட்டுகிறது. இதனை 'அறத்தொடு நிற்றல்' என்று இலக்கணம் போற்றுகிறது.

தோழி செய்வது இரண்டு. தலைவியின் மெலிவைப் பார்த்த அளவில் நில்லாது அதன் காரணத்தை வெளிப்படுத்துகிறாள். அவ்வாறு வெளிப்படுத்தும்போதும் ஊரறியப் பறைசாற்றாமல், யாருக்குக் கூறினால் தீர்வு பிறக்குமோ அவருக்கே கூறுகிறாள். தலைவியின் மானமும் காக்கப்படுகிறது, உயிரும் காக்கப்படுகிறது. ஒரு நல்ல விழிப்புணர்வு இயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன்.

வந்தவரைத் திருப்பி அனுப்பினால்?

விழிப்புணர்வு இல்லாமையைப் பற்றிப் பேசும் நாம் மற்றொரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 1963-இல் பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் கருநாடகத்தின் தும்கூர் வட்டாரக் கிராமங்களில் செய்த ஆய்வு இந்திய மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது. நுரையீரல் காசநோயாளர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் நோய்க்குறிகளை அறிந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ நிலையங்களை நாடியும் இருந்தனர். நாடியவர்க்குக் கிடைத்ததோ, பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து!

இந்த ஆய்வு நமக்கு எச்சரிக்கை. ஒலிபெருக்கி வைத்து, "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உடனே வாருங்கள்" என்று அழைத்துவிட்டு, வந்தவரின் சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினால், அவர் மறுமுறை வரமாட்டார். "போய்ப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்" என்று தெருவெல்லாம் கூறுவார். அழைக்காமலே இருந்திருந்தால்கூட அவ்வளவு தீங்கில்லை. ஆதலின், சோதனைக்கு வழி செய்யாத இயக்கத்தை இயக்கம் என்று கொள்வதற்கில்லை.

நோயைச் சரியாகக் காண்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நம் கணிதமேதை இராமானுசனே சான்று. இங்கிலாந்தில் அவருக்குக் காசநோய் என்று கருதிச் சிகிச்சை அளித்தனர். 1920-இல் அவர் மறைந்தார். அவருடைய நோய்க்குறிப்புகளை 1994-இல் ஆராய்ந்த மருத்துவர் யங், அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். மறுபுறம், புதுமைப்பித்தன் காசநோயால் 1948-இல் தம் 42-ஆம் வயதில் மறைந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தும் அவரை அது காக்கவில்லை. அன்று மருந்து அரிதாக இருந்தது. இன்று மருந்து மலிந்திருக்கிறது. இன்றும் ஒருவரை இந்நோய்க்குப் பறிகொடுத்தால், காலத்தைக் குறை கூறி நாம் தப்ப முடியாது.

ஊரே திரண்டால் ஒருவருக்கும் தலைகுனிவில்லை

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைக் காண்போம். 1957-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மார்ச்சு, ஏப்ரல் திங்களில் ஐந்து வார காலம் மாபெரும் ஊடுகதிர்ப்பட இயக்கம் நடந்தது. 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்து படம் எடுத்துக்கொண்டனர். தொண்டர்கள் வீடுதோறும் சென்று அழைத்தனர். படம் எடுத்தவர்க்கெல்லாம் சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னம் வழங்கப்பட்டது. குலுக்கல் பரிசுகளும் இருந்தன. 2,800-க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்நகரில் நோய் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது.

இதன் வெற்றி கருவியில் மட்டும் இருந்ததாக நான் எண்ணவில்லை. அந்தச் சின்னத்தில் ஒரு நுட்பம் இருந்தது. அதை அணிந்தவர் நோயாளியாக அல்லர், ஊர்க் கடமை ஆற்றியவராகவே பார்க்கப்பட்டார். எல்லாரும் வரிசையில் நின்றதால் யாரும் சுட்டிக் காட்டப்படவில்லை.

நம் கிராமங்களில் நோயை மறைப்பது அறியாமையால் மட்டும் அன்று. மணமாகாத பெண் இருக்கும் வீட்டில் இருமல் சத்தம்கூடக் கதவு தாண்டக் கூடாது என்று அஞ்சும் தாய்மார் உண்டு. மருமகளுக்கு நோய் என்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் உண்டு. இவ்வச்சம் உள்ள இடத்தில், "இருமுவோர் மட்டும் வருக" என்று அழைத்தால் யார் வருவார்? "வீட்டுக்கு வீடு எல்லாரும் வருக" என்று அழைத்தால், அந்தப் பெண்ணும் பத்தோடு பதினொன்றாக வந்து போவாள்.

2024 டிசம்பர் 7 அன்று தொடங்கி 2025 மார்ச்சு 24 வரை நம் நாட்டில் நடந்த நூறு நாள் இயக்கம் இவ்வழியில் ஒரு பெரிய அடி. முதியோர், நீரிழிவு உடையோர், உடல் மெலிந்தோர், புகைப்போர், முன்பு காசநோய் கண்டவர், நோயாளியோடு வாழ்வோர் எனத் துன்பத்துக்கு இலக்காகக் கூடியோரைத் தேடிச் சோதித்தனர். அரசின் அறிவிப்புப்படி, பதிவான ஏறத்தாழ 7.19 இலட்சம் நோயாளர்களுள் 2.85 இலட்சம் பேருக்கு வெளிக்குறி எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை ஒரு முறை மீண்டும் படித்துப் பாருங்கள். முதியவரோ, நீரிழிவு உடையவரோ, பீடி பிடிப்பவரோ இல்லாத வீடு காட்டேரிக்குப்பத்தில் எத்தனை இருக்கும்? ஆகவே ஊர் முழுவதையும் அழைப்பது மிகையன்று.

"தடுப்பூசி போட்டிருக்கிறோமே" என்று சிலர் கேட்கலாம். 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வு, அவ்வூசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளிலிருந்து அது காப்பதால் அதனை விடலாகாது. அதையே நம்பிச் சோதனையையும் விடலாகாது.

அச்சம் போக்கும் சென்னைச் சான்று

இயக்கத்தால் அச்சம் பெருகும், நோயாளி ஒதுக்கப்படுவார் என்பது நியாயமான மறுப்பே. அதற்கு விடை நம் தமிழ் மண்ணிலேயே உள்ளது. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இன்றும் ஒரு தொடர்வண்டி நிலையத்தின் பெயரில் வாழ்கிறது. காசநோயாளி வீட்டை விட்டு விலகி அத்தகைய இடத்தில் தங்குவதே முறை என்று உலகம் நம்பிய காலம் அது. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளைக் கொண்டு இந்நம்பிக்கையைச் சோதித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மற்றொரு பகுதியினர் நெருக்கடியான தம் ஏழைக் குடில்களில். மருந்தை முறையாக உண்டால் வீட்டிலேயே நலம் பெறலாம் என்பதும், அதனால் உடன் வாழ்வோர்க்குத் தனியாகக் கூடுதல் இடர் நேர்வதில்லை என்பதும் 1959-இல் வெளியான முடிவுகள். உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. சென்னை உலகுக்குக் கற்பித்த பாடத்தைச் சென்னைக்கு அணித்தே உள்ள நம் கிராமங்கள் இன்னும் கற்கவில்லை என்றால், குறை யாருடையது?

தீங்கு செய்வது சிகிச்சை பெறும் நோயாளி அல்லர், கண்டறியப்படாத நோயே. மருந்து தொடங்கினால் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகிறது. உடன் வாழ்வோருக்குத் தடுப்பு மருந்தும் உண்டு. இதைத் தெளிவாகக் கூறும் இயக்கம் அச்சத்தைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது.

இருமலெல்லாம் காசமன்று

இன்னொன்றும் கூற வேண்டும். நெடுநாள் இருமலுக்குக் காசநோய் மட்டுமே காரணம் அன்று. புகையாலும் தூசியாலும் மூச்சுக்குழல் சுருங்கும் நாட்பட்ட அடைப்பு நோய் உண்டு. பல்லாண்டு விறகடுப்பின் முன் அமர்ந்த பெண்கள், பீடி தொட்டறியாதவராயினும், இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஊதிப் பார்க்கும் 'ஸ்பைரோமெட்ரி' என்ற எளிய சோதனையால் இதனை அறியலாம். நுரையீரல் புற்றுநோயும் தொடக்கத்தில் வெறும் இருமலாகவே தோன்றக்கூடும். இங்கிலாந்தில் 2012-இல், "மூன்று வாரமாக இருமலா? மருத்துவரிடம் கூறுங்கள்" என்ற கருத்தைத் தொலைக்காட்சி வழியும் பிறவழியும் பரப்பினர். அவ்வியக்கக் காலத்தை ஒட்டிக் கண்டறியப்பட்ட நுரையீரல் புற்றுநோய் 2011-ஐ விட ஏறத்தாழ 9 விழுக்காடு மிகுந்தது. ஆகவே சளிச் சோதனையில் காசநோய் இல்லை என்று தெரிந்ததும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அரைப் பணியே. "காசம் இல்லை, அப்படியானால் என்ன?" என்ற அடுத்த வினாவும் கேட்கப்பட வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து உதவுபவரையும் ஒரு கூறாக வள்ளுவர் வைத்தது வியப்புக்குரியது. முதல் மூன்றும் இன்று உள்ளன. நான்காவது கூறே மாணவர்களாகிய உங்களுக்குக் காத்திருக்கிறது.

முதற்பணி, மொழிப்பணி. அறிவிப்புப் பலகைகளில், "சளி மாதிரி பரிசோதனைக்கு உட்படுத்திக்கொள்ளப்படல் வேண்டும்" என்று எழுதினால் கரும்பு வெட்டும் கைகளுக்கு அது எட்டாது. "இரண்டு வாரமாக இருமலா? மாலையில் காய்ச்சலா? உடல் மெலிகிறதா? சளியைச் சோதித்துப் பாருங்கள். செலவில்லை. ஆறு மாதம் மருந்து உண்டால் நோய் தீரும்" என்று எழுதுங்கள். 'எலும்புருக்கி' போன்ற அச்சுறுத்தும் பெயர்களைத் தவிருங்கள். தமிழ்த் துறை மாணவர் செய்யத்தக்க மருத்துவம் இதுவே.

இரண்டாவது, வாயில்கள். சுல்தான்பேட்டைப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் கூறும் இரு வரிகள், ஊர்க் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் கூறும் இரு வரிகள், தேவாலயத்தில் ஞாயிறன்று கூறும் இரு வரிகள் நூறு சுவரொட்டிகளை வெல்லும். நோய்க்குச் சமயம் இல்லை. அதைத் தேடும் பணிக்கும் இருக்கலாகாது.

மூன்றாவது, உடன் செல்லுதல். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் ஐந்து வீடுகளை ஏற்று, முதியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, முடிவு வரும்வரை தொடர்ந்தால், அது பேரணியில் பதாகை ஏந்துவதினும் பெரிது. எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் வேலை செய்வோருக்கு, 'நிக்‌ஷய்' பதிவு எண் இருந்தால் எங்கும் மருந்து தொடரலாம் என்பதை எடுத்துரைக்க வேண்டும்.

நான்காவது, மறை காத்தல். முடிவு நோயாளிக்கும் அவர் விரும்பும் உறவினர்க்கும் மட்டுமே உரியது. ஊர்ப் பொதுவில் பெயர் படிக்கப்படும் நாளில் அந்த ஊரில் இயக்கம் முடிந்தது.

ஐந்தாவது, கணக்கு. எத்தனை பேர் பேரணியில் நடந்தனர் என்ற கணக்கு வேண்டா. எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்கு நோய் தெரிந்தது, எத்தனை பேர் மருந்தை முடித்தனர் என்ற மூன்று எண்களைக் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களும் கல்லூரி நிருவாகமும் இம்மூன்றையே கேட்கத் தொடங்கினால், விழாக்கள் தாமே பணிகளாக மாறும்.

ஆண்டுதோறும் மார்ச்சு 24 உலகக் காசநோய் நாள். 1882-இல் அந்நாளில்தான் ராபர்ட் கோக் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். கிருமி கண்ணுக்குத் தெரிந்து 140 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நோயாளிதான் இன்னும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. வரும் மார்ச்சில் நம் மாணவர்கள் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் ஓர் ஊரை, ஒரே ஓர் ஊரையேனும், ஏற்றுக்கொள்ளட்டும். அவ்வூரில் சோதிக்கப்படாத வீடு ஒன்றுகூட இல்லை என்று ஆண்டு இறுதியில் அவர்கள் வந்து கூறுவார்களாயின், அதனினும் சிறந்த ஆண்டறிக்கையைக் கல்லூரி ஒன்று வெளியிட முடியாது.